'பட்டான் கல்' முதல் 'நடைமுறைப்படுத்தப்பட்டது' வரை: தமிழ் வினையாக்க ஒட்டுகளில் வடிவொப்புமை

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வினையடிகளை உருவாக்கும் ஒட்டுகள் பல, வேறு பணி செய்யும் ஒட்டுகளோடு வடிவில் ஒன்றாகக் காணப்படுகின்றன. பிறவினையாக்கும் 'த்து' இறந்தகாலம் காட்டும் 'த்த்' உடனும், பிறவினையாக்கும் 'ப்பு' தொழிற்பெயர் விகுதியோடும், பெயரை வினையாக்கும் 'படு' செயப்பாட்டுவினை காட்டும் 'படு' உடனும் ஒத்த வடிவின. இவற்றை வடிவத்தால் மட்டும் பட்டியலிடும் இலக்கண மரபு, வேறானவற்றை ஒன்றாக்குகிறது; ஒன்றானதை வேறாக்குகிறது. பலபொருள் ஒருசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த நெறியைச் சொல்லிலிருந்து ஒட்டுக்கு விரித்து, ஒட்டின் முன்னும் பின்னும் வரும் உறுப்புகளைச் சேர்த்து நோக்கினால் இம்மயக்கத்தின் பெரும்பகுதி நீங்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தருமபுரி வட்டார நடுகற்களின் 'பட்டான்' என்னும் வினைமுற்று இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வடிவொப்புமை, வினையாக்க ஒட்டு, பிறவினை, செயப்பாட்டுவினை, படு, நடுகல், தருமபுரி.

1. முன்னுரை

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம், பழைய தகடூர் நாட்டின் பகுதி. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பல்லவர் கால நடுகற்கள் இங்கும் அண்டையிலுள்ள செங்கம் பகுதியிலும் மிகுதி. அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறு கொண்ட அல்லது மீட்ட நிகழ்ச்சி, வீரன் பெயர் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லும் இக்கல்வெட்டுகளில் பெரும்பாலன 'பட்டான்' அல்லது 'பட்டான் கல்' என முடிகின்றன. இங்குப் 'பட்டான்' என்பதன் பொருள் 'இறந்தான்'.

அதே 'பட்டான்' இன்றைய எழுத்துத் தமிழில் 'வேதனைப்பட்டான்' என்பதில் ஒரு பெயரை வினையாக்குகிறது. 'கைதுசெய்யப்பட்டான்' என்பதில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குகிறது. தனித்து நிற்கும் 'பட்டான்' இறப்பை உணர்த்தும் வழக்கு பொதுப்பேச்சிலிருந்து ஏறத்தாழ நீங்கிவிட்டது. ஆகவே நடுகல் வாசகத்தை முதன்முறை காணும் மாணவர், தமக்குப் பழகிய செயப்பாட்டுவினைப் பொருளை அதன்மேல் ஏற்றிப் படிக்க நேர்கிறது. 'தொறு மீட்டுப் பட்டான்' என்பதற்கும் 'மீட்கப்பட்டான்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. முன்னவன் ஆநிரையை மீட்டு உயிர் துறந்தவன்; பின்னவன் பிறரால் காக்கப்பட்டு உயிர் பிழைத்தவன். வீரனின் செயலும் அவன் முடிவும் ஓர் ஒட்டைப் பிரித்தறிவதைச் சார்ந்துள்ளன.

இம்மயக்கம் 'படு' ஒன்றற்கே உரியதன்று. தமிழின் வினையாக்க ஒட்டுகள் பலவற்றிலும் அது பரவியுள்ளது. அதனை இலக்கண மரபு எவ்வாறு கையாண்டது, எவ்விடத்தில் கைவிட்டது, மரபுக்குள்ளேயே அதற்குத் தீர்வு உண்டா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரே வடிவம் கொண்ட ஒட்டுகள் வேறு வேறு இலக்கணப் பணி செய்வது இங்கு வடிவொப்புமை எனப்படுகிறது. வினையடியை ஆக்கும் விகுதிகளோடு, அதே பணியைச் செய்யும் துணைவினைகளும் வினையாக்க ஒட்டு என்னும் சொல்லுள் அடங்கும்.

2. பட்டியல் மரபும் அதன் இருவகைப் பிழையும்

நன்னூல், பதவியலில் 'வி', 'பி' என்னும் இரண்டையும் அவை இணைந்து வருதலையும் கூறுகிறது. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தில் பிறவினை விகுதிகள் எட்டாக விரிகின்றன: வி, பி, கு, சு, டு, து, பு, று. செய்வி, நடப்பி, போக்கு, பாய்ச்சு, உருட்டு, நடத்து, எழுப்பு, துயிற்று என்பன இவற்றுக்குரிய வழக்கமான எடுத்துக்காட்டுகள். கற்பித்தலுக்கு எளிதான இப்பட்டியல் பாடநூல்களிலும் போட்டித் தேர்வு நூல்களிலும் நிலைபெற்றுள்ளது.

இதன் அடிப்படை, சொல்லின் ஈற்றில் காணப்படும் எழுத்து வடிவம். அதனால் இரு பிழைகள் நேர்கின்றன.

முதலாவது, ஒன்றை இரண்டாக்குதல். 'உருட்டு' என்பதிலுள்ள 'டு', 'துயிற்று' என்பதிலுள்ள 'று' ஆகியன தனி விகுதிகள் அல்ல என்று கொள்ள இடமுண்டு. 'கேள்' என்பதோடு இறந்தகாலத் தகரம் புணர்ந்து 'கேட்டான்' ஆவது போலவும், 'கல்' என்பதோடு புணர்ந்து 'கற்றான்' ஆவது போலவும், 'உருள்' உடன் 'த்து' புணர்ந்து 'உருட்டு' என்றும் 'துயில்' உடன் புணர்ந்து 'துயிற்று' என்றும் ஆகின்றன. புணர்ச்சி விதியால் விளைந்த திரிபைப் பட்டியல் புதிய விகுதியாக எண்ணியுள்ளது.

இரண்டாவது, பலவற்றை ஒன்றாக்குதல். 'நடத்து', 'கிடத்து', 'உயர்த்து' ஆகியவற்றில் 'நட', 'கிட', 'உயர்' என்னும் வினையடிகளோடு 'த்து' என்னும் ஒட்டு சேர்ந்துள்ளது. 'திருத்து', 'வருத்து' ஆகியவற்றில் அவ்வாறு எதுவும் சேரவில்லை. 'திருந்து', 'வருந்து' என்னும் அடிகளின் மெல்லெழுத்து வல்லெழுத்தாகியுள்ளது, அவ்வளவே. இவ்வேறுபாட்டை மரபிலக்கணம் அறியாததன்று. எனினும் பட்டியலை மட்டும் கைக்கொண்டு சொல்லைப் பகுக்கும் மாணவர் 'திரு + த்து', 'வரு + த்து' எனப் பிரித்துவிடுவர். பொருளற்ற பகுதிகளும் இல்லாத விகுதிகளும் விடைத்தாளில் இடம்பெற்றுவிடும். 'நிரம்பு – நிரப்பு', 'திரும்பு – திருப்பு' என்னும் இணைகளுக்கும் 'எழு – எழுப்பு' என்னும் இணைக்கும் இடையே உள்ள வேறுபாடும் இத்தகையதே.

பட்டியல்கள் தனித்தனியே அமைந்திருப்பதும் மயக்கத்தை மறைக்கிறது. பிறவினை விகுதிப் பட்டியலில் உள்ள 'வி' தொழிற்பெயர் விகுதிப் பட்டியலிலும் உண்டு. 'செய்வி', 'வருவி', 'அறிவி' என்பன வினையடிகள்; 'கல்வி', 'கேள்வி', 'தோல்வி' என்பன பெயர்கள். பிறவினை விகுதியான 'பு' தொழிற்பெயர் விகுதியாகவும் வரும். 'பரப்பு' என்பது 'செய்தியைப் பரப்பு' என்பதில் வினை. 'நிலத்தின் பரப்பு' என்பதில் பெயர். 'போக்கு' என்பதும் 'களைப்பைப் போக்கு', 'இக்காலப் போக்கு' என இருநிலை உடையது. எதிர்காலம் காட்டும் இடைநிலையைச் சேர்த்தால் 'ப்ப்' என்னும் ஒரே வடிவம் 'நடப்பான்' என்பதில் காலத்தையும், 'நடப்பு' என்பதில் தொழிற்பெயரையும், 'எழுப்பு' என்பதில் பிறவினையையும் காட்டுவது தெளிவாகும். ஒவ்வொரு பட்டியலும் தன்னளவில் சரியாகத் தோன்றலாம். பட்டியல்களுக்கு இடையே நிகழும் மோதலை மாணவருக்குச் சொல்லும் இடம் எதுவும் இல்லை.

இந்நிலை ஒட்டுநிலை மொழிகள் பிறவற்றிலும் உண்டு. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த உஸ்பெக் மொழியில் 'குல்' என்றால் பூ. 'லா' என்னும் ஒட்டுச் சேர்ந்து 'குல்லா' என்றானால் 'பூத்தல்' என்னும் வினைக்கு அடியாகும். அம்மொழியில் 'யோஸ்' என்பது 'எழுது' என்னும் வினையடி. அதனோடு 'இஷ்' சேர்ந்த 'யோஸிஷ்' என்னும் வடிவம் 'எழுதுதல்' என்னும் தொழிற்பெயராகவும் நிற்கும். 'ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்' என்னும் புதிய வினையடியாகவும் நிற்கும். தமிழில் 'பரப்பு' எந்நிலையில் உள்ளதோ, உஸ்பெக்கில் 'யோஸிஷ்' ஏறத்தாழ அந்நிலையில் உள்ளது. பெயராயின் வேற்றுமையும், வினையாயின் கால, இட ஒட்டுகளும் பின்வந்து பொருளைத் தெளிவிக்கின்றன. உறவில்லாத இரு மொழிகளில் ஒரே சிக்கலுக்கு ஒரே வகைத் தெளிவு அமைவது, சிக்கலின் வேர் ஒட்டுநிலைக் கட்டமைப்பிலேயே இருப்பதை உணர்த்துகிறது.

3. தொல்காப்பியர் காட்டும் நெறி

பட்டியல் மரபு தவறவிட்ட கருவி தொல்காப்பியத்தில் உண்டு. கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுக்கிறார். உடன்வரும் வினையால் பொருள் வேறுபட்டுத் தெளிவது ஒருவகை; அவ்வாறு தெளியாதது மற்றொரு வகை. 'மா' என்னும் சொல் உரையாசிரியர்கள் எடுத்தாளும் சான்று. மா பூத்தது என்றால் அது மரம்; ஓடிற்று என்றால் விலங்கு. வீழ்ந்தது என்றால் இரண்டற்கும் பொருந்தும். ஆதலின் கூறுவோன் பொருளை விளக்கிச் சொல்லுதல் வேண்டும்.

இப்பகுப்பின் சிறப்பு, பொருளைச் சொல்லுக்குள் தேடாமல் சொல்லின் அண்டையில் தேடுவதாகும். எந்த அண்டைச்சொல் தெளிவு தரும், எது தராது என்பதையும் அது முன்கூட்டியே வரையறுக்கிறது. தொல்காப்பியர் இதனைச் சொற்களுக்கே கூறினார். எனினும் ஒட்டுகளுக்கு இதனை விரிப்பதில் தடை இல்லை. வினைச்சொல்லின் உள்ளமைப்பில் ஒவ்வோர் ஒட்டுக்கும் இரண்டு அண்டைகள் உண்டு: முன்னே நிற்கும் அடி அல்லது எச்சம், பின்னே வரும் காலம், பால், வேற்றுமை ஆகியவற்றின் உருபு. முன்னுறுப்பு, பின்னுறுப்பு என இவற்றைக் குறிக்கலாம். பின்னுறுப்பால் தெளிவன, முன்னுறுப்பால் தெளிவன, இரண்டாலும் தெளியாதன என வடிவொப்புமை மூன்றாகப் பகுபடும். அடுத்த மூன்று பகுதிகளும் இம்மூன்றையும் முறையே ஆராய்கின்றன.

4. பின்னுறுப்பால் தெளிவன: 'த்து'

'படுத்தான்', 'படுத்தினான்' என்னும் இரு முற்றுகள் தொடக்கச் சான்றுக்கு ஏற்றவை. 'படுத்தான்' என்பதில் 'படு' (கிடத்தற்பொருள்) என்னும் வல்வினை அடியும் 'த்த்' என்னும் இறந்தகால இடைநிலையும் உள்ளன. 'படுத்தினான்' என்பதில் 'படு' உடன் பிறவினை ஒட்டாகிய 'த்து' சேர்ந்து 'படுத்து' என்னும் புதிய அடி தோன்றியுள்ளது. காலத்தை 'இன்' காட்டுகிறது. 'படுத்து' என்று மட்டும் எழுதினால் அது முதலாவதன் வினையெச்சமா, இரண்டாவதன் ஏவலா என்பது தெரியாது. பின்வரும் உறுப்பே அதனைத் தீர்மானிக்கிறது. 'படுத்துக் கிடந்தான்' எனின் 'த்து' காலம் காட்டுவது. 'படுத்தி எடுத்தான்' எனின் 'த்து' வினையாக்குவது.

இவ்வேறுபாடு அன்றாட வழக்கிலும் உயிர்ப்புடன் உள்ளது. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் 'நிறுத்துக் கொடு' என்றால் எடை போட்டுக் கொடு என்று பொருள். 'நிறுத்திக் கொடு' என்றால் வண்டியையோ வேறொன்றையோ நிறுத்தித் தருவதாகும். முன்னதில் அடி 'நிறு'. 'த்து' இறந்தகால எச்சத்துக்குரியது. பின்னதில் 'நில்' என்பதன் பிறவினையாகிய 'நிறுத்து' அடியாக உள்ளது. ஓர் உகரமும் ஓர் இகரமும் இரு வினைகளைப் பிரிக்கின்றன. பேசுவோர் இதில் தவறுவதில்லை. தொழிற்பெயராகும்போது மட்டும் வேறுபாடு மறைகிறது: 'நிறுத்தல் அளவை' என்பதில் 'நிறு + த்தல்', 'நிறுத்தற்குறி' என்பதில் 'நிறுத்து + அல்'. கணக்குப் பாடநூலின் நிறுத்தலும் மொழிப் பாடநூலின் நிறுத்தலும் ஒரு சொல் அல்ல. காலம் காட்டும் உறுப்பு நீங்கியதும் தெளிவும் நீங்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

அகராதிக் கலை இந்நெறியைப் பெயரிடாமலே பின்பற்றியுள்ளது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வினைகளைத் 'தல்', 'த்தல்' என்னும் ஈறுகளால் வேறுபடுத்துவதோடு அவற்றின் திரிபு வகையையும் எண்ணிட்டுக் காட்டுகிறது. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வினையடியை அடுத்து அதன் எச்ச வடிவங்களைத் தருகிறது. இரண்டும் பின்னுறுப்பைக் கொண்டே வினையை அடையாளப்படுத்துகின்றன. அகராதிகள் கண்டுகொண்டதை வகுப்பறை இலக்கணம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

'சேர்ந்தான் – சேர்த்தான்' போன்ற இணைகள் இங்குத் தனிக் கவனம் பெறத்தக்கவை. 'சேர்த்தான்' என்பதன் 'த்த்' காலம் காட்டுவதோடு, செயல் பிறிதொன்றின்மேல் செல்வதையும் உணர்த்துகிறது. நிகழ்காலத்தில் 'சேர்கிறான் – சேர்க்கிறான்' என்றும் எதிர்காலத்தில் 'சேர்வான் – சேர்ப்பான்' என்றும் அதே வேறுபாடு தொடர்கிறது. இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பெயரிட்டு கு. பரமசிவம் விளக்கினார். ஆகவே 'த்த்' எப்போதும் காலம் மட்டுமே காட்டும் என்பதோ, 'த்து' எப்போதும் தனி ஒட்டு என்பதோ பொருந்தாது. 'சேர்த்து' என்பது எச்சம். 'உயர்த்து' என்பது அடி. ஓசையும் முன்னுறுப்பின் அமைப்பும் ஒத்திருப்பினும், 'சேர்த்தான்', 'உயர்த்தினான்' என்னும் முற்றுகள் அவற்றைப் பிரித்துவிடுகின்றன.

5. முன்னுறுப்பால் தெளிவன: 'படு'

'வேதனைப்பட்டான்', 'அடிக்கப்பட்டான்' ஆகிய இரண்டிலும் பின்னுறுப்பு ஒன்றே. ஆகவே மேற்கண்ட சோதனை இங்குப் பயன்படாது. முன்னுறுப்பை நோக்கவேண்டும். முன்னதில் நிற்பது பெயர். பின்னதில் நிற்பது செயவென் எச்சம். நடுகற்களின் 'மீட்டுப் பட்டான்' என்பதில் நிற்பது செய்தென் எச்சம். முன்னுறுப்பு மூன்றாக, 'படு' என்பதன் பணியும் மூன்றாகிறது.

செய்தென் எச்சம் முன்னிற்கும்போது இரு நிகழ்ச்சிகள் உள்ளன. மீட்டல் முதலில் நிகழ்ந்தது. படுதல் பின்னர் நிகழ்ந்தது. இரண்டற்கும் எழுவாய் ஒருவனே. செயவென் எச்சம் முன்னிற்கும்போது நிகழ்ச்சி ஒன்றே. எழுவாய் அச்செயலுக்கு உள்ளாகிறது. புலிகுத்திக் கற்களைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 'குத்திப் பட்டான்' என்பதில் வீரன் புலியைக் குத்தியவன். 'குத்தப்பட்டான்' என்பதில் அவன் குத்துக்கு உள்ளானவன். இகரம் அகரமானால் வீரன் செய்பவன் என்னும் நிலையிலிருந்து செயலுக்கு இரையாகும் நிலைக்கு இறங்கிவிடுகிறான். கல்லில் ஓர் எழுத்துச் சிதைந்திருக்கும்போது அதனை நிரப்பிப் படிப்பவர் எந்த எச்சத்தைக் கொள்கிறார் என்பது, கல் எடுத்தோர் போற்ற விரும்பிய செயலையே மாற்றவல்லது.

பெயரோடு வரும் 'படு', செயவென் எச்சத்தோடு வரும் 'படு' ஆகியன வெவ்வேறு ஒட்டுகளே என்பதற்கு மூன்று சான்றுகள் உள்ளன.

முதலாவது, பிறவினையாதல். 'வேதனைப்படு' என்பது 'வேதனைப்படுத்து' ஆகும்; 'கட்டுப்படு' என்பது 'கட்டுப்படுத்து' ஆகும். 'எழுதப்படு' என்பது 'எழுதப்படுத்து' ஆகாது. இரண்டாவது, தொழிற்பெயராதல். 'வெளிப்படு', 'வேறுபடு', 'ஈடுபடு' என்பன 'வெளிப்பாடு', 'வேறுபாடு', 'ஈடுபாடு' எனத் திரியும். 'எழுதப்பாடு', 'அடிக்கப்பாடு' என்பன வழக்கில் இல்லை. 'செயப்பாட்டுவினை' என்னும் இலக்கணக் கலைச்சொல் இதற்கு விலக்காகத் தோன்றினாலும், அது இலக்கணிகளின் ஆக்கமேயன்றிப் பொது வழக்கின் விளைவன்று. மூன்றாவது, உடன்வருதல். 'திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது' என்னும் அரசாணைத் தொடரில் 'படு' ஒரே சொல்லுக்குள் இருமுறை வருகிறது. முதலாவது 'நடைமுறை' என்னும் பெயரை வினையாக்கும் 'படுத்து' என்பதன் பகுதி. இரண்டாவது அவ்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவது. ஒரே பணியுடைய ஒட்டு ஒரே சொல்லில் இவ்வாறு இருமுறை வரக் காரணமில்லை.

இத்தொடர் மற்றோர் உண்மையையும் தருகிறது. 'நடைமுறைப்படுத்து' உண்டு, 'நடைமுறைப்படு' வழக்கில் இல்லை. எனவே 'நடைமுறைப்படு' என்னும் தன்வினையோடு 'த்து' சேர்ந்து பிறவினை ஆயிற்று எனல் இயலாது. 'படுத்து' என்பது இக்காலத் தமிழில் தனியொரு வினையாக்க ஒட்டாகிவிட்டது. 'வேதனைப்படுத்து' என்பதில் இரண்டு படிகளாக இருந்தது, 'நடைமுறைப்படுத்து' என்பதில் ஒரே படியாகச் சுருங்கியுள்ளது. 'படுத்து' என்பதை எல்லா இடத்தும் 'படு + த்து' எனப் பகுக்கும் வகுப்பறை வழக்கம் இம்மாற்றத்தைக் காணாது போகிறது.

முன்னுறுப்புச் சோதனைக்கு ஒரு மறுப்பு எழலாம். 'தெரியப்படுத்து' என்பதில் முன்னிற்பது செயவென் எச்சம். எனினும் 'படுத்து' வந்துள்ளது. ஆயின் 'தெரி' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குச் செயப்பாட்டுவினை இல்லை. ஆகவே 'தெரியப்படுத்து' என்பது செயப்பாட்டுவினையின் பிறவினை அன்று. தனி ஒட்டாகிய 'படுத்து' செயவென் எச்சத்தை அடுத்தும் வருவதற்கு அது சான்று. முன்னுறுப்பின் வடிவத்தோடு, அது செயப்படுபொருள் குன்றிய வினையா குன்றா வினையா என்பதையும் கருதவேண்டும் என்று சோதனையைத் திருத்திக்கொண்டால் மறுப்பு நீங்குகிறது.

தருமபுரி வட்டாரம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எல்லைப் பகுதி. அவ்விரு மொழிகளும் இவ்வேறுபாட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. தெலுங்கில் 'படு' என்பது இன்றும் 'விழு' என்னும் முதற்பொருளில் தனித்து வழங்குகிறது. பெயரை அடுத்து வரும்போது அதன் முதலெழுத்துப் பெரும்பாலும் ஒலிப்பில்லாப் பகரமாகவும், செயப்பாட்டுவினையில் ஒலிப்புடைய பகரமாகவும் உள்ளது. தமிழ் எழுத்து ஒருபோல எழுதும் இரண்டைத் தெலுங்கு எழுத்து வேறுபடுத்தி எழுதுகிறது. கன்னடத்தில் பெயரை அடுத்து வரும் 'படு' நேரே ஒட்டுகிறது. செயப்பாட்டுவினையில் 'மாடல்படு' என்பது போல 'அல்' ஈற்று வடிவத்தை அடுத்து வருகிறது. ஒரு மொழி ஒலியாலும் மற்றொன்று முன்னுறுப்பின் ஈற்றாலும் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் எச்ச வகையால் காட்டுகிறது. மேற்கைக் குறிக்கும் கன்னடச் சொல்லாகிய 'படுவண' என்பதும், ஞாயிறு மறைதலைப் 'படுதல்' என்னும் பழந்தமிழ் வழக்கும் ஒன்றோடொன்று ஒத்துச்செல்வன. வீழ்தல், மறைதல், இறத்தல் என்னும் பொருள் வரிசையில் நடுகல்லின் 'பட்டான்' இயல்பாகப் பொருந்துகிறது. அது துணைவினையன்று, முதல்வினை.

6. சோதனையின் எல்லை

இரு அண்டைகளையும் நோக்கியும் தெளியாத இடங்கள் உண்டு. தொல்காப்பியர் வகுப்பில் வினையால் வேறுபடாத பலபொருள் ஒருசொல்லுக்கு இவை இணையானவை.

'எழுப்பு' என்பது அத்தகையது. 'எழு' உடன் 'ப்பு' சேர்ந்தது எனவும் கொள்ளலாம். 'எழும்பு' என்பதன் மெல்லெழுத்து வல்லெழுத்தாயிற்று எனவும் கொள்ளலாம். 'எழுப்பினான்' என்னும் முற்று இரண்டற்கும் பொது. பட்டியல் மரபு இதனைப் 'பு' விகுதிக்குச் சான்றாகக் காட்டுவது, முடிவுபெறாத ஒன்றை முடிந்ததாகக் கொள்வதாகும். விகுதியை ஐயமின்றிக் காட்டப் 'பரப்பு' என்பது ஏற்றது. 'பரந்தது', 'பரப்பினான்' என்னும் முற்றுகளை ஒப்பிட்டால் 'பர' என்னும் அடியும் 'ப்பு' என்னும் ஒட்டும் விளங்கும்.

'உடுத்து' என்பதன் நிலை வேறு. 'உடு' என்னும் அடியின் எச்சம் 'உடுத்து', முற்று 'உடுத்தான்'. ஆயின் இக்காலத் தமிழில் 'உடுத்தினான்', 'உடுத்தி' என்னும் வடிவங்களும் அதே பொருளில் வழங்குகின்றன. காலம் காட்டிய 'த்து', வினையாக்கும் 'த்து' எனப் பேசுவோரால் உணரப்பட்டு, எச்சமே புதிய அடியாகிவிட்டது எனக் கொள்வது பொருத்தம். பொருளில் மாற்றமில்லை; பிறவினையும் தோன்றவில்லை. இங்கு வடிவொப்புமை விளக்கவேண்டிய சிக்கலாக மட்டும் நில்லாமல், மொழி மாற்றத்தின் காரணமாகவே இயங்கியுள்ளது. 'உடுத்தினான்' என்பதைப் பிழையெனத் திருத்துவோர் அதன் பிறப்பை விளக்கக் கடமைப்பட்டவர். பட்டியல் இலக்கணம் அவ்விளக்கத்துக்கு இடம் தருவதில்லை.

இவ்வெல்லைகள் சோதனையின் பயனைக் குறைப்பதில்லை. எங்கே தெளிவு கிடைக்கும், எங்கே வரலாற்றுச் சான்றைத் தேடவேண்டும் என்பதை அது முன்னரே பிரித்துக்காட்டுகிறது. தமிழ்ச் சொற்களைக் கணினி வழியே பகுக்கும் முயற்சிகளுக்கும் இது பொருந்தும். 'படுத்து' என்னும் வடிவத்தைத் தனியே கண்ட கருவி அதனை ஒரே வழியில் பகுத்துவிடுமாயின், சந்தையில் எடை போடுபவரும் பேருந்தை நிறுத்துபவரும் காணும் வேறுபாட்டை அது காணத் தவறியதாகும்.

7. முடிவுரை

தமிழ் வினையாக்க ஒட்டுகளின் வடிவொப்புமையை ஒட்டின் வடிவமோ பொருளோ தனித்து நின்று தீர்ப்பதில்லை. 'த்து', 'ப்பு', 'வி' ஆகியவற்றைப் பின்னுறுப்பும், 'படு', 'படுத்து' ஆகியவற்றை முன்னுறுப்பும் தெளிவிக்கின்றன. 'எழுப்பு', 'உடுத்து' போன்ற சிலவற்றுக்கு வரலாறு துணைவரவேண்டும். எட்டு விகுதிப் பட்டியல் இம்மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால் ஒன்றைப் பலவாகவும் பலவற்றை ஒன்றாகவும் காட்டியது. இதற்கான மாற்று அயலிலிருந்து கொணரவேண்டியதன்று. பலபொருள் ஒருசொல் பற்றித் தொல்காப்பியர் கூறிய நெறியின் இயல்பான நீட்சியே அது.

இளநிலை வகுப்புகளில் பிறவினை கற்பிக்கும்போது விகுதிப் பட்டியலுக்கு மாற்றாக 'படுத்தான் – படுத்தினான்', 'நிறுத்துக் கொடு – நிறுத்திக் கொடு', 'மீட்டுப் பட்டான் – மீட்கப்பட்டான்' போன்ற இணைகளிலிருந்து தொடங்குவது பயன்தரும். தருமபுரி நகர அகழ்வைப்பகத்தின் நடுகற்கள் இப்பகுதிக் கல்லூரிகளுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அவற்றின் முன் நின்று படிக்கும் மாணவர், ஆநிரையை மீட்டவனை மீட்கப்பட்டவனாகப் படியாதிருத்தல் இலக்கணக் கல்வியின் குறைந்தபட்சப் பயனாகும்.